தங்கையா மாட்டிய கியர்பாக்ஸ்

தோட்டத்துத் துரை விட்டுப்போன பழைய காரின் ஆட்டோ கியரைக் கழற்றிவிட்டு, லயத்து வீட்டு வாசலிலேயே கையால் போடும் கியர்பாக்ஸை மாட்டி முடித்தான் தங்கையா. மனைவி வடிவம்மாள் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினாள்.

அவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்ப, இஞ்சின் உறுமியது. ஒன்றாம் கியரும் இரண்டாம் கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. வேகமுள் இருபதைத் தொட்டது. வெளியே ஒரே மூடுபனி. ஆனால் வடிவம்மாள் மட்டும் கார் ஜன்னலோரத்தை விட்டு நகரவே இல்லை.

“என்னடி, கூடவே ஓடி வர்றியா?”

“நின்ன எடத்துலதான் நிக்கிறேன் லா.”

சனியன் பிடித்த கியர்! மறுபடியும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா? ஸ்பானரோடு இறங்கினான்.

“பழங்கூட நசுங்கலையே” என்று குனிந்தாள் அவள். “வைக்கும்போதே கேக்க நெனச்சேன். காரைத் தூக்கி நிறுத்துன கட்டையிலேருந்து எறக்கவே இல்லையாங்க?”