நாற்றம் போன தொட்டி

எழிலரசி செய்த கருவிக்கு எங்கள் தோல் கம்பெனியில் யாரும் மரியாதையாகப் பேர் வைக்கவில்லை. 'அழுமூஞ்சி' என்றார்கள். கையடக்கமான டப்பா. கழிவுநீர்த் தொட்டிக்குள் கயிற்றில் விட்டால் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஆம்பூர் பஜார் வரைக்கும் கேட்கிற மாதிரி அலறும். அலறிவிட்டால் ஆள் இறங்கக்கூடாது. கழிவை உறிஞ்சுகிற லாரி வரும்வரை வேலை நிற்கும். தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் காட்டிப் பெருமைப்படத்தான் முதலாளி பள்ளிகொண்டா ஊர்க்காரியான அவளை வேலைக்கு எடுத்தார். அவள் கருவி நிஜமாகவே வேலை செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அன்று காலை தொட்டியின் கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டது. இறங்க வேண்டியவர் என் வீட்டுக்காரர் கோபி. தொட்டியின் மூடியைத் தள்ளிக் குனிந்து பார்த்துவிட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டினார். எழிலரசி தொட்டிக்குள் விட்ட அழுமூஞ்சி அலறியது.

"மொதல்ல கொஞ்சம் நாறிச்சு, இப்ப நாத்தமே இல்ல. இன்னாத்துக்கு இது கத்துது?" என்றார். எங்கள் ஆட்களுக்கு மூக்குதான் எல்லாம். நாறினால் ஆபத்து, நாறாவிட்டால் பயமில்லை என்றே நானும் நினைத்திருந்தேன்.

"அண்ணா, அதான் ஆபத்து," என்றாள் எழிலரசி. "இந்த வாயு ஜாஸ்தியானா மொதல்ல மூக்கை சாகடிச்சிடும். அப்புறம் ஆளை."

சூப்பர்வைசர் ஜெயசீலன் போனைக் காதில் வைத்தபடியே வந்தார். "சரக்கு நிக்குது. முதலாளி அதை ஆஃப் பண்ணச் சொல்றாரு."

"ஆஃப் சுவிட்ச் இல்ல சார்."

"சுவிட்ச் இல்லாத மெஷின் எங்கனா உண்டா?"

"வச்சா நீங்க அமுக்கிடுவீங்கன்னு தெரியும். அதான் வைக்கல."

அவர் டப்பாவை மேலே இழுத்துப் பிடுங்கி, பின்பக்கத்தைத் திறந்து பேட்டரியை எடுத்துவிட்டார். சத்தம் நின்றது. எழிலரசி இரும்பு மூடியைக் காலாலேயே தள்ளித் தொட்டியை மூடி, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் செஞ்ச மெஷின் உங்களுக்காகப் பொய் சொல்லாது சார். நானும் சொல்ல மாட்டேன்."

"வேலை போயிடும்."

"போவட்டும்."

"எந்திரிம்மா, நான் வழக்கமா எறங்குற தொட்டிதான்," என்று கெஞ்சினார் என் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் போனாலும் இந்த மனுஷனுக்குப் பரவாயில்லை. சூப்பர்வைசர் முகம் மட்டும் கோணக்கூடாது.

"சார், நாத்தம்தான் இல்லியே, நீங்க எறங்குங்களேன்," என்றேன்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லம்மா," என்றார் ஜெயசீலன்.

தோல் அடுக்கிக்கொண்டிருந்த கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போய் நானும் மூடிமேல் உட்கார்ந்தேன். என் எடைக்கு அந்த மூடியை இனி யாரும் அசைக்க முடியாது.

"அம்பிகா, மானத்த வாங்காத. வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்," என்று பல்லைக் கடித்தார் கோபி.

"நீ வீட்டுக்கு வந்து சேந்தாத்தானே பேசுவ?"

அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து ஜெயசீலனின் காலடியில் போட்டார்.

"லாரிக்குப் போன் போடுய்யா."

வீட்டில் என்னிடம் மட்டுமே காட்டுகிற குரல் அது. அன்றைக்குத்தான் காட்ட வேண்டிய இடத்தில் காட்டினார்.