பேராசிரியர் பிரெஸ்கி வீட்டு வேலைப் பட்டியல்

பொருளாதாரப் பேராசிரியர் பிரெஸ்கிக்காக வயதாவது அவர் மனைவி கிளேலியாவின் வேலை. இத்தாலியில், வால்மோரா என்ற ஊரில், ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் கல்யாணமான அன்றே அப்படிப் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு வேலை என்றால்தான் நாடு உருப்படும் என்பது அவர் கண்டுபிடிப்பு. யோசிப்பதை அவர் எடுத்துக்கொண்டார். 'மற்றவை: மனைவி' என்று எழுதிப் பட்டியலை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டினார்.

அவர் மழையில் நனைந்தால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அவர் மூன்று மணி நேரம் பாடம் நடத்தினால் அவளுக்குத் தொண்டை கட்டியது. பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடமும் திறந்தார். அங்கே ஒரே பாடம், புருஷனுக்காகத் தும்முவது. அதற்கு அரசாங்கம் பதக்கம் கொடுத்தது. பதக்கத்தின் கனத்தில் கிளேலியாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

அவருக்கு அறுபது வயதானபோது வைத்தியர் வந்து, வியாழக்கிழமை பேராசிரியருக்குச் சாவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேராசிரியர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கிளேலியா, வியாழக்கிழமை உனக்கு வேற வேலை இருக்கா?"

"துணி அலசணும்."

"புதன்கிழமையே அலசிடு. எனக்கு மூணாம் பதிப்பு திருத்தணும்."

அவளிடம் இருந்தது ஒரே ஒரு சாவு. அவருடைய நரையையும் இருமலையும் முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டவள், அதை மட்டும் தனக்கென்று வைத்திருந்தாள். அவர் புத்தகத்தைப் படியெடுப்பதும் அவள் வேலைதான். நாலாம் அத்தியாயத்தைப் பதினோரு முறை எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தைத் திறந்து அவர்முன் வைத்தாள்.

"'சாவு என்பது வாழ்ந்ததையெல்லாம் ஒருமுறை யோசித்துப் பார்ப்பது.' நீங்க எழுதினதுதான். யோசிக்கறது யார் வேலை?"

அவர் இரண்டு முறை படித்தார். அச்சில் வந்ததை அவர் மீறியதில்லை. வியாழக்கிழமை காலை படுத்தார். யோசித்துப் பார்க்க அதிகம் இல்லாததால் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கிளேலியா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகம் அவருக்குச் சிலை வைக்கத் தீர்மானித்தது. சிற்பி சடலத்தின் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது கல்யாண மாப்பிள்ளை முகம். பேராசிரியருக்கு உண்டான சுருக்கமெல்லாம் எங்கே?"

எல்லாம் கிளேலியாவிடம் இருந்தன. சிலையாக நிற்பதும் பட்டியலின் 'மற்றவை'யில் சேர்த்தி. வெள்ளிக்கிழமை அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் பீடத்தில் ஏறி நின்றாள். யோசிக்கும் வேலை காலியாகக் கிடந்ததால் அதையும் எடுத்துக்கொண்டாள். புறா எச்சம் யாருக்கு என்று பட்டியலில் இல்லை. அதை அவருடைய சீடர்களுக்கு ஒதுக்கினாள்.

மாலைக்குள் பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த ஏழு பேராசிரியர்கள் தோளைத் துடைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார்கள்.