டவர் மாறும் இடம்

மானசாவும் ப்ரசன்னாவும் ஒரு வாரமாக ரிங் ரோட்டில் ஒரே வழியில் காரில் போய்வந்துகொண்டிருந்தார்கள். மொபைல் நெட்வொர்க்கைச் சோதிப்பது அவர்கள் வேலை. ப்ரசன்னா ஓட்டுவான். மானசா பின் சீட்டில் லேப்டாப்போடும் போன்களோடும் உட்கார்ந்து, பேச்சு எங்கே அறுந்துபோகிறது என்று பார்ப்பாள்.

மோதி பாக் மேம்பாலத்தில் அது தவறாமல் அறுந்தது. அங்கே போன் ஒரு டவரை விட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். புது டவரோடு நேரத்தைப் பொருத்திக்கொண்டால்தான் பேச முடியும். நெரிசலில் எல்லாப் போன்களும் அதற்காக ஒன்றாக முட்டிமோத, முறை வருவதற்குள் பேச்சு செத்துவிடும். அடுத்த டவரே ஒவ்வொரு போனுக்கும் நேரத்தை முன்கூட்டி ஒதுக்கிவைத்தால் இந்தக் காத்திருப்பு இராது என்று மானசா மேலிடத்தில் சொல்லியிருந்தாள். பார்க்கலாம் என்றிருந்தார்கள்.

அன்று மதியம் பிகாஜி காமா பிளேஸ் சிக்னலில் அவர்கள் கார் ஒரு வெள்ளை ஜீப்பை லேசாக உரசிவிட்டது. ப்ரசன்னா கையெடுத்து மன்னிப்புக் கேட்டான். ஜீப்பிலிருந்து இறங்கியவன் ஹாக்கி மட்டையால் பின்கண்ணாடியை உடைத்தான். சில்லுகள் மானசாவின் தலையிலும் மடியிலும் கொட்டின. ப்ரசன்னா வண்டியை விரட்டினான். ஜீப் துரத்திவந்து இடித்தது. மறுபடியும் இடித்தது.

மானசா போலீசுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் எங்கே இருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டாள். மானசா லேப்டாப் திரையைப் பார்த்தாள். பழைய டவரின் சிக்னல் இறங்கத் தொடங்கியிருந்தது. எதிரே மேம்பாலம்.

“ப்ரசன்னா, பாலத்துல ஏறாத. ஓரமா நிறுத்து.”

“பாகல் ஆயிட்டியா, பைத்தியமா உனக்கு? கொன்னுடுவானுங்க.”

“ஏறினா போன் கட்டாயிடும். நாம எங்க இருக்கோம்னே யாருக்கும் தெரியாது. நிறுத்து.”

அவன் நிறுத்தினான்.

மூன்று பேர் வந்தார்கள். கதவைத் திறந்து ப்ரசன்னாவின் சட்டையைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டார்கள். முதல் அடி தோளில் விழுந்தது. தடுக்கத் தூக்கிய கை முறிந்த சத்தம் மானசாவுக்குக் கேட்டது. அவள் போனில் இடத்தைச் சொன்னாள். ஜீப்பின் நம்பரைச் சொன்னாள். சரியாகக் காதில் விழவில்லை என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள். ப்ரசன்னா தரையில் சுருண்டு கிடக்க, அவன் முகத்தில் ஒருவன் பூட்ஸால் மிதித்துக்கொண்டிருந்தான். மானசா ஒவ்வொரு எழுத்தாக மறுபடி சொல்லி முடித்தாள்.

பிறகுதான் இறங்கினாள். கருவிகளுக்கு மின்சாரம் தரும் கனத்த பேட்டரியை இரு கைகளாலும் தூக்கி, மிதித்தவனின் காதோரம் அடித்தாள். அவன் மண்டியிட்டான். மறுபடி அடித்தாள். ரத்தம் அவள் முழங்கை வரை தெறித்தது. இன்னொருவன் அவள் முடியைப் பிடித்துத் தலையைக் காரில் இடித்தான். வாயில் ஒரு பல் உடைந்து உருண்டது. சைரன் கேட்கும்வரை அவள் பேட்டரியை விடவில்லை.

விழுந்தவனைப் போலீசார் அங்கேயே பிடித்தார்கள். மற்ற இருவரும் ஜீப்பில் தப்பினாலும், மானசா சொன்ன நம்பரால் சாயங்காலத்துக்குள் மாட்டினார்கள்.

ப்ரசன்னாவின் கை கூடிவிட்டது. இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் அவளோடு பேசவில்லை. அவன் அம்மா மட்டும், ஓட்டிக்கொண்டே போயிருந்தால் தப்பித்திருப்பானோ என்று கேட்டார். தெரியவில்லை என்று மானசா சொன்னாள். அது உண்மைதான்.

அடுத்த மாதம் மேலிடம் அவள் யோசனையை ஏற்றது. இரண்டு டவர்களிலும் அவளே அமைப்பை மாற்றினாள். நேரம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டதும் தாமதம் போனது. பாலத்தின் மேல் வரிசையாகப் பேசிப் பார்த்தாள். ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. அங்கிருந்தே ப்ரசன்னாவைக் கூப்பிட்டாள். மணி நெடுநேரம் அடித்து அவன் எடுத்தான்.

“பாலத்து மேலேர்ந்து பேசறேன்” என்றாள்.

“அச்சா.” அவன் மூச்சு கேட்டது. “அன்னிக்கு மாதிரி ஆனா, இன்னொரு தடவை நிறுத்தச் சொல்லுவியா?”

“அன்னிக்கு மாதிரி பாலத்துல போன் கட்டாகும்னா, சொல்லுவேன்.”

அவன் போனை வைக்கவில்லை. அவள் கார் பாலம் இறங்கித் தௌலா குவான் வரும்வரை இருவரும் அப்படியே லைனில் இருந்தார்கள்.