ஊர் மாற்றி ஒட்டிய பெட்டி

1

கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில் பார்த்த அறிவிப்பிலிருந்து இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் கோளாறாம். பெட்டியில் இன்ன ஊரில் தயாரித்தது என்று போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கோர்ட்டு வாசலில் நிற்க எனக்குத் தெம்பில்லை. (ஊர் பேர் இல்லாத சரக்கைத்தான் நானும் உங்கள் தலையில் கட்டுகிறேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: கரிசல் வெடித்துக் கிடந்த வெயிலில் செல்வமாரி

வேண்டாம். அவள் வேலை பார்ப்பது சரக்கு அடுக்கிய கிட்டங்கிக்குள், ஃபேனுக்கு அடியில்.

2

செல்வமாரி கல்யாணத்துக்கு முன்பிருந்தே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியவள். ஒன்றுகூடக் கோணாது. தீப்பெட்டித் தொழில் படுத்ததும் முதலாளி பூவனநாதன், ஸ்ட்ரிப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டி அனுப்பும் வேலையைப் பிடித்தார். இரண்டு ஊர்த் தொழிற்சாலைகளிலிருந்து சரக்கு வரும். ஊருக்கு ஒரு லேபிள். ஒருநாள் அதில் ஒன்று, அந்த அறிவிப்பில் வந்த ஊருடையது, தீர்ந்துபோனது.

"அண்ணாச்சி, இந்த ஊரு லேபிள் முடிஞ்சிட்டு."

"அந்த ஊரு லேபிளை எடுத்து ஒட்டு. ஒரே குச்சியைப் பத்துப் பேருல வித்தவங்கதானே நாம? உள்ள இருக்கது ஒண்ணுதானே."

தீப்பெட்டியில் அது சரிதான். பூவனநாதனை அயோக்கியனாக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். மனுஷன் அப்படி இல்லையே. அவள் அதையும் கோணாமல் ஒட்டினாள்.

3

அவள் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி சுகர்க்காரர். கடையில் வாங்கிய அதே ஸ்ட்ரிப்பில் பார்த்துத்தான் இன்சுலின் போட்டுக்கொள்வார்.

"ஏட்டி, நூத்தி இருவதுதான் காட்டுது! இன்னொரு தோசை வையி."

ஊசியைக் குறைத்தார். கால் விரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் நானூறுக்கு மேல். விரலை எடுத்துவிட்டார்கள்.

(இங்கே அவரைச் சாகடித்தும் எழுதிப் பார்த்தேன். எல்லாரும் அழுதார்கள், கதை முடிந்தது. கிழித்துவிட்டேன். இது அப்படி முடிகிற விஷயமில்லை.)

அறிவிப்பைக் கேள்விப்பட்டு, பெட்டியோடு கடைக்கு ஓடினாள்.

"ஒங்க பெட்டியில வேற ஊருல்லா போட்டிருக்கு? இது நல்ல சரக்குக்கா, பயப்படாதீங்க" என்றார் கடைக்காரர் சதீஷ்குமார்.

"அந்த லேபிள் பொய்யி தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு விரலு போனதே சாட்சி. நான்தான் மாத்தி ஒட்டுனேன்."

"கம்பெனிக்காரன் லேபிளைப் பாத்துத்தான் திரும்ப எடுப்பான். நீங்க சொல்லுததை நான் யாருட்டப் போய்ச் சொல்ல?"

4

வேறு கம்பெனி மெஷின் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். நானும் வாங்கிக் கொடுத்தேன். தங்கப்பாண்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் செல்வமாரி கடையை விட்டு நகர மறுத்துவிட்டாள். எவ்வளவோ எழுதிப் பார்த்தேன், வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள்.

அலமாரியில் நல்ல ஊர்ப் பேர் போட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள். எது நிஜமாகவே அந்த ஊர்ச் சரக்கு, எது தான் மாற்றி ஒட்டியது? எல்லா லேபிளும் நேராகவே இருக்கின்றன. மணியாச்சிக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்குமோ! திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவர்களை யாரும் கூப்பிடப்போவதில்லை.

அப்போது ஒரு பெண் கடைக்குள் வருகிறாள்.

"எங்க அம்மைக்கு அண்ணாச்சி. நல்ல ஊரு பெட்டியாப் பாத்துக் குடுங்க."

செல்வமாரியின் கையிலிருந்த பெட்டியையே வாங்கிக் கொடுக்கிறார் சதீஷ்குமார். அந்தப் பெண் நிம்மதியாகப் படி இறங்குகிறாள்.

என்ன சொன்னால் அவள் நம்புவாள் என்று செல்வமாரிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இன்னும் தெருமுனை தாண்டவில்லை அவள். நீங்களாவது கூப்பிடுங்கள்.