கடை மூஞ்சி, வூட்டு மூஞ்சி

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேல்மாடியில் பியூட்டி பார்லர் நடத்தும் கலைமணிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று கடை மூஞ்சி, இன்னொன்று வூட்டு மூஞ்சி. இந்தப் பெயர்களை வைத்தவன் அவள் கணவன் மாரியப்பன். மினி வேனில் தக்காளி ஏற்றிப் போகிறவன், எதையும் சுருக்கமாகச் சொல்லியே பழகிவிட்டான்.

கடை மூஞ்சி தினமும் காலை எட்டு மணிக்குக் கண்ணாடி முன்னால் பிறக்கும். அதைப் பெற்றெடுக்க முக்கால் மணி நேரம் ஆகும். மேலே நாலு அடுக்குப் பூச்சு, அதற்கும் மேலே பவுடர். பார்க்கிறவர்களுக்கு வழுவழுவென்று இருக்கும். அதற்கு அடியில் இருக்கும் வூட்டு மூஞ்சியில், முப்பத்தாறு வயது என்கிற மரியாதை கொஞ்சமும் இல்லாமல், தாடை முழுக்கப் பருக்கள்.

பதினெட்டு வயதில் இதே பருக்கள் வந்தபோது, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரே சொன்னது. கல்யாணம் ஆயிற்று, சரியும் ஆயிற்று. பெரிய மகன் இரண்டாவது படிக்கும்போது, போன பருக்கள் அத்தனையும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன. இந்தத் தடவை சொல்வதற்கு யாரிடமும் எதுவும் இல்லை. இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்றா சொல்ல முடியும்?

வேறு வேலையில் இருந்திருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பாள். அழகுபடுத்துகிறவள் முகத்திலேயே பரு இருந்தால் எவள் வந்து நாற்காலியில் உட்காருவாள்? நாலு வருடமாக அவள் சுமந்த பயம் இதுதான். அதிலும், "உங்க மூஞ்சிக்கு என்னாக்கா போடறீங்க, அதையே எனக்கும் போடுங்க" என்று வாடிக்கைக்காரிகள் கேட்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் கூசும். "நல்லாத் தண்ணி குடி கண்ணு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

செய்யாத வைத்தியம் இல்லை. ஜாதிக்காய் உரசிப் போட்டாள், சந்தனம் போட்டாள், பயத்தமாவு, எலுமிச்சம்பழம், ஒரு நாள் பற்பசைகூடப் போட்டாள். உடம்புச் சூடு என்று ஒருத்தி சொன்னாளென்று நிலக்கடலையை விட்டாள். மாரியப்பனும் விட வேண்டியதாயிற்று, ஏனென்றால் வீட்டுக்குள் கடலை வரவே இல்லை. கடலை விட்டது, பரு விடவில்லை.

கடைசியில், யாருக்கும் தெரியாமல் தருமபுரிக்கு பஸ் ஏறி ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா அவளைவிடப் பத்து வயது சின்னவர். முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று கலைமணிக்குப் பார்த்த உடனே எரிச்சல் வந்தது. அதுவரை பூசியதையெல்லாம் அவள் ஒப்பித்து முடித்ததும், "இது மூஞ்சியாம்மா, மளிகைக் கடையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சூடு இல்லை, அழுக்கு இல்லை, யார் கண்ணும் இல்லை. உடம்புக்குள் சுரக்கிறதில் வருகிற ஏற்ற இறக்கம், முப்பது நாற்பதிலும் பெண்களுக்கு வரும். ராத்திரி ஒரு பட்டாணி அளவு மருந்து, காலையில் இன்னொன்று, கிள்ளக் கூடாது, மூன்று மாதம் பொறுக்க வேண்டும். முதல் மாதம் கூடுதலாகக்கூடத் தெரியும், பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பகலில் போடும் அந்தக் கனத்த பூச்சை நிறுத்த வேண்டும்.

கடைசியில் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கலைமணி ஒழுங்காகச் செய்தாள். பத்தாவது வாரம் மாரியப்பன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கொஞ்சம் கொறஞ்சிருக்குதாட்டம்" என்றான்.

"அப்ப இத்தினி நாளா எண்ணிக்கிட்டுத்தான் இருந்தீங்களா?" என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவனுக்குப் பழைய சோறுதான் கிடைத்தது.

அந்த வாரத்தில்தான், மணப்பெண் அலங்காரத்துக்குக் கலைமணியிடம் சொல்லி வைத்திருந்த சோபனாவின் கல்யாணம் வந்தது. சோபனாவுக்கு இருபத்தொன்பது வயது, ஓசூரில் கம்பெனி வேலை. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் பேசி நின்றுபோயிருந்தன. மூன்றாவதாக அமைந்தவன் தீர்த்தமலைப் பக்கத்து மாதேஷ். பையன் நல்ல பையன். என்ன, ஒரு மாதமாக எங்கே போனாலும் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டுக்கொண்டிருந்தான். கேட்டால் தூசி ஆகாது என்றான். பெண்ணும் மாப்பிள்ளையும் தினமும் வீடியோ காலில் பேசினார்கள். அந்தப் போன் யார் முகத்தைக் காட்டினாலும் வழுவழுவென்று மெழுகிவிட்டுத்தான் காட்டும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், ஒகேனக்கல் ரோட்டு மண்டபத்தில், மணப்பெண் அறையில் சோபனாவின் முகத்தைக் கழுவிப் பார்த்த கலைமணிக்குப் பகீரென்றது. நெற்றியிலும் கன்னத்திலும் செக்கச்செவேலென்று முப்பது நாற்பது.

"என்னத்தம்மா போட்ட?"

"வெள்ளையாவுங்கன்னு ஒரு கிரீம் சொன்னாங்கக்கா. பத்து நாள் போட்டேன். எரிஞ்சுது, போன வாரம் வுட்டுட்டேன்."

"பதறாத. பருவுதான். நான் பாக்காத பருவா?" என்று சொல்லிக்கொண்டே கலைமணி பெட்டியைத் திறந்தாள். அதே நேரம் யாரோ கதவையும் திறந்தார்கள்.

வந்தது காசியம்மாள், மாப்பிள்ளையின் பெரிய அத்தை. மாப்பிள்ளை வீட்டில் ஒரு வெற்றிலை இடம் மாற வேண்டுமென்றாலும் அவள் வாயிலிருந்து வார்த்தை வர வேண்டும். பெண்ணுக்குப் பூ வைக்கத் தட்டோடு வந்தவள், டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"தாயி, ஆத்தா வந்து எறங்கியிருக்கா. யாரும் சத்தம் போடாதீங்க" என்றாள்.

அம்மை வந்த இடத்தில் ஆத்தா இருக்கிறாள். ஆத்தா இருக்கும் இடத்தில் மேளம் கூடாது, சுபகாரியம் கூடாது, அடுப்பில் தாளிக்கவும் கூடாது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி அவளை இறக்கி அனுப்பும் வரைக்கும் எல்லாரும் அடங்கி இருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மண்டபம் அடங்கிவிட்டது. யாரோ ஓடிப்போய் வேப்பிலை ஒடித்து வந்து வாசல் பேனரில் கட்டினார்கள். கட்டின இடத்தில் மாப்பிள்ளையின் முகம் மறைந்து, வேப்பிலைக்குக் கோட்டுசூட்டு போட்டது மாதிரி ஆகிவிட்டது.

சமையல்காரர் கோவிந்தன் கரண்டியோடு அறை வாசலுக்கே வந்துவிட்டார். "ஐநூறு பேருக்கு ரசம் கொதிக்குதுங்க. தாளிக்காதன்னு ஆள் வந்து சொல்றான். தாளிக்காட்டி அது ரசமாங்க, புளித்தண்ணி."

"ஆத்தா முன்னால கடுகு வெடிக்கக் கூடாது" என்றாள் காசியம்மாள்.

"அப்பளம்?"

"எண்ணெச் சட்டியே ஏறக் கூடாது."

கோவிந்தன் கரண்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார். காசியம்மாள் பெண்ணின் அம்மா செல்லியிடம் தணிந்த குரலில், கோபமே இல்லாமல் சொன்னாள். "கல்யாணத்த ஆவணிக்கு மேல வெச்சிக்கலாங்க. ஆத்தாள மீறிச் செஞ்சா வெளங்காது."

செல்லி அப்படியே சூட்கேஸ் மேல் உட்கார்ந்துவிட்டாள். சோபனா அழவில்லை. கலைமணியின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, "மூணாவது தடவக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"அத்த, இது ஆத்தா இல்லீங்க. பருவு" என்றாள். "காச்சல் இல்ல பாருங்க. முதுவு, வயிறு, எங்கியும் ஒண்ணுமில்ல. அம்மைன்னா தண்ணி கோத்துக்கிட்டு மேலு பூரா வருமில்லீங்களா?"

காசியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பருவு வயசுப் புள்ளைங்களுக்கு வர்றது. முப்பது வயசுல எவளுக்கு வருது? உனக்கு வந்திருக்குதா? மூஞ்சிய கண்ணாடியாட்டம் வெச்சிக்கிட்டு எனக்குப் பருவச் சொல்லித்தர வந்துட்ட."

கலைமணிக்குத் தருமபுரி டாக்டரம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவளும் இதையேதான் நினைத்தாள்.

அறையில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அதில் ஐந்து பேர் அவளுடைய வாடிக்கைக்காரிகள். ஒருத்தி ஆறு வருடமாக வருகிறவள், போனை இடுப்பில் செருகியே வைத்திருப்பவள். அவளுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஒகேனக்கல் பரிசல்காரர்கள் வரைக்கும் தெரிந்துவிடும். கடைக்கு வாடகை முன்பணம் கொடுத்துத் திறந்த நாள், வளையலை அடகு வைத்து வாங்கிய அந்தச் சுழல் நாற்காலி, எல்லாம் கலைமணியின் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. முந்தானையைப் பிடித்திருந்த கை இன்னும் விடவில்லை.

அவள் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்தாள். மேக்கப் கலைக்கும் எண்ணெயில் நனைத்தாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள்.

முதல் பஞ்சு பால் டீ நிறத்தில் வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது பஞ்சு தாடைக்கு வந்தபோது யாரோ "அய்யய்யோ" என்றார்கள். ஆறு வருட வாடிக்கைக்காரிதான். கலைமணி திரும்பிப் பார்க்கவில்லை. காது ஓரம் வரைக்கும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, விளக்குக்கு நேராக முகத்தைக் காட்டினாள்.

"நல்லாப் பாருங்க அத்த. எனக்கு முப்பத்தாறு வயசு."

காசியம்மாள் இடுப்புப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கலைமணியின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். சோபனாவை இழுத்து இவள் பக்கத்தில் நிறுத்தி, கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பெண்ணின் கழுத்தைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தாள். முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்கு எத்தினி நாளா இருக்குது?"

"நாலு வருசமாங்க."

"நாலு வருசமா?"

"தருமபுரில டாக்டர்கிட்ட மருந்து வாங்கறனுங்க. இப்பத்தான் கொறையுது."

காசியம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "மூணு தண்ணி ஊத்துனா எறங்கிப்போற தாயி. உம்மூஞ்சில நாலு வருசம் உக்காந்துக்கிட்டு அவளுக்கு என்ன வேல?" என்றாள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"யார்றா அங்க? ரசத்தத் தாளிக்கச் சொல்லு."

செல்லி அப்போதுதான் அழுதாள். பின்கட்டில் கடுகு வெடிக்கிற வாசனை வந்ததும் மேளக்காரர்களும் தைரியம் வந்து ஆரம்பித்தார்கள். கலைமணி சோபனாவுக்கு லேசாக மட்டும் பூசினாள். சிவப்பு அடங்கியது, பருக்கள் தெரிந்தும் தெரியாமலும் இருந்தன. "இதுக்கு மேல போட்டா நாளைக்கு எரியும். கல்யாணம் முடிஞ்சி டாக்டர்கிட்ட நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள். வாடிக்கைக்காரிகள் ஐந்து பேரும் அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார்கள். கடை போயிற்று என்று கலைமணி முடிவே கட்டிவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாரியப்பன் வேனோடு வந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னிக்கி நேரத்துலயே வூட்டு மூஞ்சிக்கு வந்துட்ட."

நடந்ததைச் சொல்லி வழி நெடுக அழுதாள். அவன் வண்டியை மெதுவாக ஓட்டினான். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "எனக்கு எப்பவும் இதுதான புடிச்ச மூஞ்சி" என்றான். சொல்லிவிட்டு, பழைய சோறு ஞாபகம் வந்து அவசரமாக இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். பூச்சு டப்பாவைக் கையில் எடுத்த கலைமணி, ஊரே பார்த்தாயிற்று, இனி யாருக்காக என்று மூடி வைத்துவிட்டு, முகத்தைக் கழுவி மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். சோபனாவுக்கு முந்தின நாள் மாதிரியே லேசாகப் பூசிவிட்டு, கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மணவறையில் மாதேஷ் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தான். கேமராக்காரர் கழற்றச் சொன்னார். தூசி என்றான். ஐயர் சொன்னார். புகை என்றான். காசியம்மாள் எழுந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை, காதோடு பிடித்து இழுத்துக் கழற்றிவிட்டாள். மாப்பிள்ளையின் தாடையில் பதினைந்துக்குக் குறையாமல் பழுத்திருந்தன. சோபனா ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒரு மாதத்தில் அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

காசியம்மாள் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூட்டத்தைத் துழாவினாள். மேளம் நின்றிருந்த நேரம் பார்த்து அவள் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அந்தப் பருவுக்காரம்மா எங்க? பெட்டிய எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. இவனுக்கும் பாக்கணும்."

ஐநூறு தலைகள் திரும்பின. எந்த வார்த்தை யார் வாயிலும் வந்துவிடக் கூடாது என்று நாலு வருடம் தினமும் முக்கால் மணி நேரம் பூசி மறைத்தாளோ, அந்த வார்த்தைதான். முன் வரிசையிலிருந்து ஆறு வருட வாடிக்கைக்காரி எழுந்து ஓடி வந்தாள். "அக்கா, எம்பொண்ணுக்கும் இருக்குது, எனக்கும்தான். போகும்போது அந்த டாக்டர் நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்று காதில் சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இருங்க அத்த, வர்றேன்" என்று கலைமணி குரல் கொடுத்தாள். பிறகு அந்த வூட்டு மூஞ்சியோடு, நடுப்பாதையிலேயே மணவறைக்கு நடந்து போனாள்.