வேகத்தடை மேல் மல்லாட்டை

சக்கரபாணி வீட்டுக்குக் கார் வந்த அன்று எனக்கும் கேசரி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எவர்சில்வர் தட்டு. எனக்குக் காகிதத் தட்டு. ஒரு வாய் வைத்தேன். மீதியை அப்படியே வைத்துவிட்டேன்.

நான் விழுப்புரத்தில் இயற்பியல் படித்தவள். மாலையில் அவர் மகன் இனியவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவேன். அவனுக்குப் பதினேழு வயது. லைசென்ஸ் எடுக்கிற வயதுகூட ஆகவில்லை. திண்டிவனத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் அவன் அப்பா வாங்கிக் கொடுத்தது பந்தயத்தில் ஓட்டுகிற மாதிரியான கார். சிவப்பு. இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையோடு படுத்திருந்தது.

பதினெட்டு ஆகட்டும் என்று அப்பா சொல்லிப் பார்த்தாராம். பையன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தானாம். அவன் அம்மா அருணா இதைப் பெருமையாகச் சொன்னார்.

"ஒரே புள்ள. அதும் மூஞ்சி வாடிப் போச்சின்னா நாங்க யாருக்கு சம்பாரிக்கிறோம்?"

கூட்டேரிப்பட்டு நெடுஞ்சாலையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வரும் சாலை எங்கள் தெருவைத் தாண்டித்தான் வருகிறது. ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் பள்ளிக்கூடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜல்லி ஏற்றி வந்த ஒரு லாரி, சாலையைக் கடந்த சங்கவியை அடித்துவிட்டது. வெள்ளையம்மாள் அத்தையின் மகள். மூன்றாம் வகுப்பு. தெருவே சாலையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அங்கே வேகத்தடை போட்டார்கள்.

வந்த அன்றே கார் அதில் அடி தட்டியது. இனியவன் குப்புறப் படுத்து அடியில் பார்த்துவிட்டுக் கண் கலங்கினான். அந்த வீட்டில் ஒருவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவனுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் எத்தனை மடங்காகும்? நாலு என்றான். மூன்று மடங்கானால்? ஒன்பது. விடை சரி. நோட்டை மூடிவிட்டு, இனிமேல் விழுப்புரத்துக்குப் பத்து நிமிடத்தில் போய்விடலாம் என்றான். எனக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும்.

பாடம் முடிந்ததும் சக்கரபாணி கூப்பிட்டார். வேகத்தடையை எடுக்கச் சொல்லிப் பேச வேண்டிய இடத்தில் பேசிவிட்டாராம். வெள்ளிக்கிழமை ஆள் வருமாம். தெருவில் தகராறு வரக்கூடாது. புது ரோடு போடத்தான் எடுக்கிறார்கள் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும்.

"நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா கேட்டுக்குவாங்க."

எனக்கு யார் முன்னாலும் சட்டென்று பேச்சு வராது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதையே சரி என்று எடுத்துக்கொண்டார். நேற்றைய கேசரி மிச்சம் இருந்தால் கட்டிக் கொடுக்கும்படி உள்ளே பார்த்துச் சொன்னார். பொட்டலத்தை வழியில் சாக்கடையில் போட்டேன். வீட்டில் இரண்டு தடவை சோப்பு போட்டும் விரலில் அந்த வாசனை இருந்தது.

வெள்ளையம்மாள் அத்தை வாசலில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சக்கரபாணி நிலத்துக்குப் போகிற விதை. எதிரில் உட்கார்ந்து நானும் கொஞ்ச நேரம் உடைத்தேன். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அத்தையின் கை நிற்கவில்லை.

"அடி தட்டுதுன்னா எடுக்கிறாங்க?"

"ஆமா அத்த."

"கார நாலு ஆள வெச்சி அந்தாண்ட தூக்கி வெச்சிக்கச் சொல்லு. பொணத்த தூக்கறதில்ல?"

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு ஆட்கள் டிராக்டரில் ரோட்டை உடைக்கிற கம்ப்ரசரோடு வந்தார்கள். வேகத்தடை மேல் அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் முறம். பக்கத்தில் மல்லாட்டை மூட்டை. ஒவ்வொருவராகத் தெருப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். யாரும் கத்தவில்லை. ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆட்கள் போன் போட்டார்கள். வீட்டுப் பக்கமிருந்து கார் வந்தது. இனியவன் ஓட்டினான். சக்கரபாணி இறங்கி முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"இதத்தான் சொல்லிட்டு வந்தியா?"

நான் கையிலிருந்த மல்லாட்டையை உடைத்து முறத்தில் போட்டேன்.

அத்தையிடம் திரும்பியதும் குரலை மாற்றிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பக்கம் பிள்ளைகள் நிற்க ஒரு நிழற்குடை கட்டித் தருகிறாராம். அதில் சங்கவி பெயரைப் போடலாமாம். போட்டோவும் வைக்கலாமாம்.

"கிரானைட்ல எழுதிடலாம் வெள்ளையம்மா. காலத்துக்கும் இருக்கும்."



அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. காரைப் பார்த்தார்.

"தம்பி, இது எவ்ளோ ஸ்பீடு போவும்?"

இனியவன் முகம் மலர்ந்தது. கண்ணாடியை முழுசாக இறக்கினான்.

"முன்னூறு போவும். இந்த பிரேக்கர் இல்லன்னா இந்த ரோட்லயே நூத்தம்பது தொட்டுடுவேன்."

பெண்கள் உடைப்பதை நிறுத்தினார்கள். சக்கரபாணி மகனை அதட்டவில்லை. லேசாகச் சிரித்தார். மகன் நன்றாகப் பதில் சொல்லிவிட்ட சிரிப்பு. அவர்கள் வாங்கிய காரை மறந்தாலும் அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியாது.

கம்ப்ரசர்காரர் தரையில் கிடந்த குழாயைச் சுருட்டத் தொடங்கினார். என்னவென்று சக்கரபாணி கேட்டார்.

"எம் புள்ளயும் இதுமாரி ரோட்டத் தாண்டித்தாங்க ஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்குது. வேற ஆளப் பாத்துக்குங்க."

டிராக்டர் கிளம்பிப் போனது. கார் திரும்ப இடமில்லை. ரிவர்ஸிலேயேதான் வீடு வரைக்கும் போக வேண்டும். இனியவனுக்கு அது சரியாக வரவில்லை. ஒரு தடவை முள்வேலியில் இடித்தான். இன்னொரு தடவை பின்சக்கரத்தை மண்ணில் இறக்கி, அப்பாவைத் தள்ளச் சொன்னான். அவர் தள்ளினார். எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை நான் பாடம் எடுக்கப் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. வேறு ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், பாடத்துக்கும் சரி, வேகத்தடையை உடைக்கவும் சரி. அதுவரைக்கும் அங்கேயே உட்கார்ந்து உடைக்க எங்களிடம் இன்னும் இரண்டு மூட்டை மல்லாட்டை இருந்தது.