கூண்டும் பிரேக்கும்

இளையவள் கட்டும் கூண்டுக்குள் கொசுவின் கால்கூட நுழையாது. புரதத்தால் ஆன, கண்ணுக்கே தெரியாத கூண்டு அது. அமிலம் ஊற்றினால் பிரியும், அமிலத்தைப் போக்கினால் மறுபடி சேரும். பிரிந்திருக்கும்போது புற்றுநோய் மருந்தைப் போட்டு மூடிவிட்டால், அது நேரே கட்டிக்குப் போய் மருந்தை இறக்கும், வயிற்றையும் தலைமுடியையும் சும்மா விட்டுவிடும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு என்னவோ பிரமாதம்தான். கூண்டுக்கும் அது தெரிய வேண்டுமே!

போன மாதம் கூண்டுக் கரைசல் செக்கச்செவேலென்று வந்தது. மருந்தின் நிறம் சிவப்பு. ஆகவே மருந்து உள்ளே போய்விட்டதென்று ஆய்வகமே குதித்தது. பேராசிரியர் கேக் வெட்டினார். இளையவள் வாயை மூடிக்கொண்டு கேக்கைத் தின்றிருக்கலாம். அக்காவுக்குப் போன் போட்டாள்.

"மருந்து உள்ள போயிடுச்சுக்கா!"

அக்காவுக்கு மார்பில் கட்டி. அதே சிவப்பு மருந்தை, கூண்டில்லாமல், ஆஸ்பத்திரியில் ஏற்றுவதாக நாள் குறித்திருந்தார்கள். அக்கா போகவில்லை. முதல் தடவை காய்ச்சல் என்றாள். அடுத்த தடவை வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றாள். அத்தான் வெள்ளையடிப்பவர்களை வீடு முழுக்கத் தேடினார், ஒருத்தரும் அகப்படவில்லை.

"அவ உன் கூண்டுக்காகக் காத்துட்டிருக்கா," என்று இளையவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "இனிமே தள்ளிப்போட்டா கை மீறிடும்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா."

அதே வாரம்தான் பேராசிரியருக்கு ஞானோதயம். "உப்புக் கரைசல்ல கழுவிப் பாத்தியாம்மா?"

பார்க்கவில்லை. சந்தோஷத்தில் யாருக்கும் உப்பு ஞாபகம் வரவில்லை. இப்போது வடிகட்டும் குழாயில் ஊற்றி, உப்புக் கரைசல் விட்டுக் கழுவினாள். கூண்டுகள் முதலில் இறங்கின, வெறும் தண்ணீர் நிறத்தில். சிவப்பு பின்னால் தனியாக, ஆடி அசைந்து வந்தது. அத்தனையும் கூண்டுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்த மருந்து. உள்ளே ஒரு மண்ணும் இல்லை.

அக்காவைத் தனியாகப் பிடிக்க ஒரே வழிதான் இருந்தது. அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பாடம் என்று கேட்டால் மட்டும் மறுக்க மாட்டாள். இளையவளோ ஓட்டுநர் தேர்வில் தோற்பதையே வழக்கமாக வைத்திருந்தவள்.

"பயப்படாம பிரேக்லேருந்து காலை எடு, ரோடு சும்மாதான் இருக்கு," என்றாள் அக்கா, பக்கத்து இருக்கையில். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

வண்டி நகர்ந்தது. இளையவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மருந்து உள்ள போகலக்கா. வெளியதான் ஒட்டிட்டிருந்துச்சு. நாங்க சரியா கழுவல."

"சரி, அடுத்த தடவை போகும்."

"போனாலும் எலிக்குத்தான் முதல்ல. வருஷக்கணக்காகும். உனக்குக் கிடைக்காதுக்கா."

அக்கா பிரேக்கை மிதித்தாள். நடுரோட்டில் வண்டி நின்றது. பின்னால் ஒரு லாரி தன் கருத்தைச் சொன்னது, பிறகு இன்னும் உரக்கச் சொன்னது.

"பக்கத்து சீட்டுல வாந்தி எடுத்துக்கிட்டு யாருக்குடி நான் வண்டி கத்துக்கொடுப்பேன்?" அக்காவின் குரல் உடைந்தது. "எனக்கு பயமா இருக்குடி."

"எனக்கும்தான். நீ போகலன்னா அதைவிட பயமா இருக்கு."

லாரிக்காரன் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினான். இரண்டு பெண்கள் அழுவதைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பிப் போய் மறுபடி ஹாரனை அமுக்கினான்.

அக்கா மூக்கைச் சிந்தினாள். "இண்டிகேட்டர் போடு. ஆஸ்பத்திரி இடது பக்கம்."

நர்ஸ் மருந்தைக் கொண்டுவந்தபோது அக்கா அதையே பார்த்தாள். "இவ்வளவு சிவப்பாவா இருக்கும்?"

"ஆமாக்கா. அதுலதான் ஏமாந்தோம்."

ஊசி ஏறியது. அக்கா சாய்வு நாற்காலியில் கண்ணை இறுக மூடியிருந்தாள். அவள் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது, விரல்கள் வெளுக்கும் அளவுக்கு. இளையவள் குனிந்து அந்தப் பாதத்தின் மேல் கை வைத்தாள்.

"காலை எடுக்கா," என்றாள். "ரோடு சும்மாதான் இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து அக்கா காலை எடுத்தாள்.